முதல் பிரதி பெறுபவர்

அழைப்பிதழில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'முதல் பிரதி பெறுபவர்: திருமதி அமலராணி ஸ்தனிஸ்லாஸ்' என்று பளபளப்புத் தாளில் கொட்டை எழுத்தில் அடித்து, அதை என் கடைக்கே கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார் மதியழகன். எவ்வளவு தைரியம் இருக்க வேண்டும்!

நான் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். மதியழகனுக்கு அச்சகம். ஊரில் உள்ள ஓர் இலக்கிய வட்டத்துக்கு அவர்தான் செயலாளர். யார் கவிதைப் புத்தகம் போட்டாலும் மண்டபம் பிடிப்பது, மைக் கட்டுவது, பொன்னாடை வாங்குவது எல்லாம் அவர் தலையில்தான் விடியும். நான் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன். அழைப்பிதழைப் பிரித்தேன். புத்தகத்தின் பெயர் 'ஆணி அறைந்தவள்'. எழுதியவர் ஈரவிழியன்.

ஈரவிழியன் என் தம்பி ரொனால்டு. ஆணி அறைந்தவள் நான்.

"யாரைக் கேட்டு என் பேரைப் போட்டீங்க?"

"தம்பிதாம்மா சொன்னாரு, அக்கா கையால வாங்குனாத்தான் நல்லா இருக்கும்னு. எட்டு வருசமாப் பேச்சுவார்த்தை இல்லாத அக்காவும் தம்பியும் ஒரே மேடையில நிக்கிறீங்க. செத்த நேரம் நெனச்சுப் பாருங்க. ஹால்ல ஒருத்தர் பாக்கியில்லாம அழுதுருவாங்க."

"என்னைய வஞ்சு எழுதுன பொஸ்தகத்தை நானே பல்லை இளிச்சிக்கிட்டு வாங்கணும். அதானே?"

"வஞ்சதுன்னு எடுத்துக்கக் கூடாதும்மா. அது அவரோட துயரம்."

"துயரமாம்ல, துயரம்! எந்திரிங்க மொதல்ல. கையில கத்தரிக்கோல் இருக்கு, சொல்லிப்புட்டேன்."

மனிதர் எழுந்துகொண்டார். ஆனால் வாசல்படியில் நின்று, "ஐநூறு பேருக்குக் குடுத்தாச்சும்மா, ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணி" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அன்று அந்த ஜாக்கெட்டின் ஒரு கையைத் தப்பாக வெட்டிவிட்டேன்.

இந்த ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பெற்ற தாயின் முகத்தைத் தம்பிக்குக் காட்டாமல் பெட்டியில் ஆணி அடித்துப் புதைத்தவள் என்று. கோவிலில் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்கிறவள்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டு செபம் சொல்கிறாள். அளவு கொடுக்க வந்த ஒரு டீச்சர் பத்திரிகையில் அவன் கவிதையைப் படித்துவிட்டு, "அது நீங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் நான்தான் என்று சொல்லிவிட்டு நெஞ்சளவை எடுத்து எழுதிக்கொண்டேன். எட்டு வருடம் இப்படிப் போயிற்று. ஏன் பெட்டியை மூடினேன் என்று யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை. திறந்திருந்தால் என் பெயர் மிஞ்சியிருக்கும், அவன் நொறுங்கிப் போயிருப்பான்.

நடந்தது இதுதான்.

எங்கள் அம்மா இஞ்ஞாசியம்மாள் பஞ்சு மில்லில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தாள். எனக்குப் பன்னிரண்டு வயதும் ரொனால்டுக்கு நான்கு வயதும் இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அம்மா ஒருத்தரிடம் கை நீட்டியதில்லை. காலை ஷிப்டுக்குப் போகும்போது கொண்டையில் பூ வைத்துக்கொண்டு போவாள், திரும்பி வரும்போது தலை முழுக்கப் பஞ்சு இருக்கும். தீபாவளி போனஸுக்குச் சங்கத்துக்காரர்களோடு மில் வாசலில் உட்கார்ந்தவள். ஓசியில் ஒரு கட்டுக் கீரை கொடுத்தால்கூட வாங்க மாட்டாள். அவ்வளவு ரோசம்.

ரொனால்டு படித்தான். தமிழில் எம்.ஏ. முடித்துத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தான். கவிதை எழுத ஆரம்பித்தான். தொண்ணூற்றாறாம் வருடம் ஒரு போட்டியில் அவன் கவிதைக்கு முதல் பரிசு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் அதை வாசிக்கப் போகிறேன், கேளுங்கள் என்று கடிதம் போட்டிருந்தான்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவையே கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி, மில்லில் அவளோடு வேலை பார்த்த மாயம்மாள் என்று இருபது பேருக்குக் குறையாமல் எங்கள் வீட்டில் கூடிவிட்டார்கள். அம்மா சுண்டல் அவித்தாள். அண்டாவில் டீ போட்டாள். ரேடியோவை ஸ்டூல்மேல் வைத்து அதற்கு ஒரு துண்டு வேறு விரித்திருந்தாள். அவன் குரல் வந்தது.

*பிச்சைத் தட்டில் விழுந்த காசில்*
*எனக்குப் பேனா வாங்கித் தந்தவளே,*
*மழையோடு மழையாய் உன்னைப் புதைத்துவிட்டு*
*அநாதையாய் நிற்கிறேன் அம்மா…*

இன்னும் பத்துப் பதினைந்து வரி. கடைசியில் அவனுக்குத் தொண்டை அடைத்தது. நன்றாக அடைத்தது.

மாயம்மாள் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். அம்மா டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு, "டீயைக் குடிங்க, ஆறுதுல்ல" என்றாள். எல்லாரும் குடித்தார்கள். கடைசி ஆள் போகும் வரைக்கும் சிரித்த முகமாகவே இருந்தாள். பிறகு ரேடியோவை அணைத்து, துண்டை உதறி மடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"செத்துட்டேன்னு எழுதுனான், போகட்டும். எல்லாரும் சாகத்தானே போறோம். பிச்சை எடுத்தேன்னு எழுதிட்டானேடி."

மறுநாள் என்னை ஒரு கார்டு எழுதச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 'இறந்துபோன இஞ்ஞாசியம்மாள் எழுதிக்கொண்டது. நீ ரேடியோவில் சொன்னபடி நான் செத்துவிட்டபடியால் இனிமேல் என்னைப் பார்க்க வர வேண்டாம்.' நான் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கார்டு கிடைத்த வாரமே ஓடி வந்தான். "அம்மா, அது ஒன்னையச் சொல்லலம்மா. கவிதையில நான்னு வர்றவன் நான் இல்ல. அது வேற ஒருத்தன். எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறாங்க" என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தான்.

"பரிசை யாருடா வாங்குனா? அந்த வேற ஒருத்தனா, நீயா?" என்று கேட்டாள் அம்மா. கேட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் கதவு திறக்கவில்லை. நானும் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். பிறகு அவன் வரவில்லை. அவனுக்கும் ரோசம் இருக்கும்தானே, அவள் பெற்றதுதானே என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தொண்ணூற்றெட்டு ஜூனில் அம்மாவுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. மில் பஞ்சு முழுவதும் நெஞ்சில்தான் இருக்கிறது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். நானும் ஜெய்தூன் அக்காவும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். ஐந்தாம் நாள் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அடியே, நான் போயிட்டேன்னா அவன் வருவான். பெட்டி மேல விழுந்து அழுவான். பெறகு அதையும் எழுதுவான். எம் மொகத்தை அவன் பாக்கக் கூடாது. அவன் வரதுக்குள்ள பெட்டிய மூடிப்புடு."

"ஆயிரம் இருந்தாலும் பெத்த புள்ளைம்மா. ஏம்மா இப்பிடிப் பேசுற?"

"நான் தட்டெடுத்து நின்னதை அவன் பாத்தானா? பாக்காததை எழுதுனான்ல? இதையும் பாக்காமலே எழுதட்டும். செபமாலை மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பக்கத்தில் ஜெய்தூன் அக்கா கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அம்மா வரம்பு மீறிப் போகிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. சாகப் போகிறவளுக்கு இவ்வளவு வன்மம் ஆகாது என்று மனதில் அவளை வைதேன்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் போய்விட்டாள். கல்லூரிக்குப் போன் போட்டேன். அவன் வெளியூரில் ஏதோ கவியரங்கத்தில் இருந்தான், தகவல் போகவே மதியம் ஆகிவிட்டது. எங்கள் வழக்கத்தில் கல்லறைக் குழிக்குப் பக்கத்தில் ஒரு தடவை பெட்டியைத் திறந்து, முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். அதற்குப் பிறகுதான் ஆணி. நான் வீட்டிலேயே அடிக்கச் சொன்னேன். தெருவே முணுமுணுத்தது. பங்குச் சாமியார்கூட "மகன் வரானேம்மா" என்றார். ஸ்தனிஸ்லாஸ், என் வீட்டுக்காரர், என்னைத் தனியே இழுத்துப் போய் என்ன புள்ள இது என்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை.

குழிக்குள் கயிற்றை விட்டுக்கொண்டிருக்கும்போது வந்தான். சட்டையில் பாதிப் பொத்தான் இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை. கல்லறை வாசலில் இருந்தே "தெறங்கக்கா, தெறங்கக்கா" என்று கத்திக்கொண்டு வந்தான். பெட்டியை இரண்டு கையாலும் அறைந்தான். நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அம்மா ஷிப்டுக்குப் போன பிறகு என் இடுப்பிலேயே கிடந்தவன். 'அம்மா ஒன்னைய வேண்டாம்னு சொல்லிட்டா' என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னால் அவனும் அந்தக் குழியில் குதித்திருப்பான்.

"நான்தான்டா மூடச் சொன்னேன். நேரமாயிருச்சு. எறக்குங்க" என்றேன்.

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கும் வரவில்லை. என் மகள் கோவிலில் முதல்முதலாகப் புதுநன்மை வாங்கிய விழாவுக்கும் வரவில்லை. பெங்களூருக்குப் போகவில்லை, வெளிநாட்டுக்குப் போகவில்லை. திண்டுக்கல்லுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து, என் கடையிலிருந்து பத்து நிமிட நடையில் குடியிருந்தான். பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தால் புத்தகக் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வான். ஆனால் எழுதினான்.

அம்மாடி, என்ன எழுத்து! மாதத்துக்கு ஒன்று. அத்தனையிலும் நான் இருந்தேன். கல் நெஞ்சுக்காரி, கதவடைத்தவள், ரத்தம் குடித்தவள். நான் குடித்ததெல்லாம் டீதான். அதில் பெயர் வாங்கிய கவிதை இது.

*அக்கா,*
*நீ அறைந்த ஆணி*
*என் கண்ணுக்குள் இறங்கியது.*
*சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச்*
*சிரித்தாயே, அது ஏன்?*

சிரித்தேனாம்! நான் சுத்தியலைத் தொடவே இல்லை. பெட்டி கொண்டுவந்த ஆள்தான் அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் ஸ்தனிஸ்லாஸின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரித்தேனாம். இந்த ஒரு வரிக்காக ஒரு கல்லூரிப் பெண் என் கடையைத் தேடி வந்து, என்னை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனாள். ஒரு கொக்கி வைக்கக்கூடத் துணி கொண்டுவரவில்லை.

அப்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டேன். எழுதி எழுதியாவது அவன் பாரம் இறங்கட்டும் என்றிருந்தேன். ஆனால் இப்போது என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கூட்டத்தை அழ வைக்கப் பார்க்கிறான். என் எட்டு வருடத்தை நாலு பொன்னாடைக்கு நடுவில் முடித்துவிடப் பார்க்கிறான். இல்லை, இதற்கு மேல் முடியாது. ஞாயிற்றுக்கிழமை அந்த மைக்கிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பெட்டியை மூடச் சொன்னது உன் அம்மா, ஏன் சொன்னாள் என்று உனக்கே தெரியும், போய் அழு. அவ்வளவுதான்.

ஜெய்தூன் அக்காவைக் கூப்பிட்டேன். "நீங்க வாங்க. அன்னைக்கு அம்மா சொன்னதைக் கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான். நான் பொய் சொல்றேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது."

"எனக்கு முட்டி வலி அமலா" என்றாள்.

"ஆட்டோ வச்சுக்கிருவோம்."

"வேணாம்மா. பழசு எதுக்கு?"

விடவில்லை. ஆட்டோவில் போகும்போது அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தாள். கூட்டத்துக்குக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

கல்யாண மண்டபத்து மாடியில் விழா. படியேறியதும் மதியழகன் கும்பிட்டுக் கும்பிட்டு எங்களை மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்கு அழைத்துப் போனார். தரையெல்லாம் புத்தகக் கட்டு. நாற்காலியில் பொன்னாடைகள் மடித்துக் கிடந்தன. நடுவில் ஜிப்பா போட்டுக்கொண்டு ரொனால்டு நின்றுகொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. அதைப் பார்த்ததும் பாவமாக இருந்தது. அதற்காகவும் அவன்மேல் கோபம் வந்தது.

"அக்கா" என்று கிட்டே வந்தான்.

"தொடாத. நின்ன எடத்துலயே நில்லு. ஒரு விசயம் சொல்லணும், மைக்குல சொல்றதுக்கு முந்தி உன் மொகத்தைப் பாத்துச் சொல்லிர்றேன். அன்னைக்குப் பெட்டிய மூடச் சொன்னது நான் இல்ல."

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற ஜெய்தூன் அக்காவைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அம்மாதான் சொன்னாங்கன்னு தெரியும்."

நான் திரும்பினேன். ஜெய்தூன் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான் சொன்னேன் அமலா. தொண்ணுத்தொம்பதுல. நீ கடைக்குப் போனப்பறம் எங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்து அழுதான். எங்கக்கா ஏன் இப்பிடிப் பண்ணுனான்னு கேட்டான். எனக்கு மனசு கேக்கல. நீ பாவம்னு அவனுக்குத் தெரியட்டுமேன்னுதான் சொன்னேன்."

தொண்ணூற்றொன்பது. ஏழு வருடம்! பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கிறான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு குட்டிச்சுவர்தான் இருக்கிறது. அந்தச் சுவரைத் தாண்டி வர அவனுக்கு ஏழு வருடமாகக் கால் வரவில்லை. ஆனால் கை மட்டும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது.

"அப்ப அந்தச் சுத்தியல்? நான் சிரிச்சது? அதெல்லாம் எப்ப எழுதுன?"

"ரெண்டாயிரத்துல."

"தெரிஞ்சே எழுதுனியாடா?"

அவன் பொன்னாடையைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "அம்மாவை எழுதத்தான் உக்காந்தேன்க்கா. சத்தியமா. அம்மா எம் மொகத்தை வேண்டாம்னு சொன்னாங்கன்னு எழுதுனா, ஏன் சொன்னாங்கன்னும் எழுதணும்ல? ரேடியோவை எழுதணும். பிச்சைத் தட்டை எழுதணும். அங்க வந்ததும் நின்னுபோகும். அம்மான்னு வர்ற எடத்துல அக்கான்னு போட்டுப் பாத்தேன். கடகடன்னு வந்துச்சு. அதுல நான் பாவப்பட்டவனா இருந்தேன்."

"நான்?"

"நீ தாங்கிக்கிருவன்னு தெரியும்."

என் வாழ்க்கையில் எவ்வளவோ வசவு வாங்கியிருக்கிறேன். இதைப் போல ஒன்று வாங்கியதில்லை. தாங்கிக்கொள்வேனாம். அடுப்படியில் தொங்குகிற கரித்துணியையும் அப்படித்தான் சொல்வார்கள், எவ்வளவு சூடு என்றாலும் தாங்கும் என்று. கை ஓங்கிவிட்டேன். ஜெய்தூன் அக்கா பிடித்துக்கொண்டாள்.

"நாசமாப் போறவனே, நீ நொறுங்கிருவன்னு நான் வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன்டா. எம் புருசன்கிட்டக்கூடச் சொல்லல. எம் மக கேட்டா, பாட்டி மொகத்தை மாமாவுக்கு ஏம்மா காட்டலைன்னு. அவகிட்டயும் சொல்லல. நீ எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு என்னைய வச்சுக் கவிதை பண்ணிக்கிட்டு இருந்திருக்க!"

"அக்கா, மெதுவா. வெளிய கேக்கும்."

"கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும். இன்னைக்கு மேடையில நீயே சொல்லு."

"சொன்னா இந்தப் பொஸ்தகமே பொய்யாயிரும்க்கா."

"ஆகட்டுமே!"

வெளியே மைக்கில் மதியழகன் குரல் வந்தது. எட்டாண்டுப் பிரிவு, ரத்த பாசம், காலம் கனிந்தது என்று என்னென்னவோ அடுக்கிவிட்டு, 'கவிஞரின் அன்புத் தமக்கை முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ள மேடைக்கு வருமாறு' என்றார். நான் போனேன். ரொனால்டு பின்னால் வந்தான்.

இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். முன் வரிசையில் நான்கைந்து பெண்கள் கைக்குட்டையை இப்போதே கையில் எடுத்து வைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிறப்பு விருந்தினர் யாரோ ஒருவர் புத்தகத்தை என் கையில் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். மதியழகன் "ரெண்டு வார்த்தை" என்று மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"நான்தான் ஆணி அறைஞ்சவ. நல்லாப் பாத்துக்கங்க" என்றேன். கொஞ்சம் பேர் சிரித்தார்கள். "எனக்கு மேடையில பேசத் தெரியாது. தம்பிகிட்ட மூணு கேள்வி கேக்கணும். ஏலே ரொனால்டு, மைக்குக்குக் கிட்ட வா."

வந்தான்.

"நம்ம அம்மா பிச்சை எடுத்தாளா?"

மதியழகன் குறுக்கே வந்தார். ஒரு முறை முறைத்தேன், ஒதுங்கிவிட்டார்.

"இல்ல" என்றான்.

"சத்தமா."

"இல்ல. எடுக்கல. மில்லுல வேலை பாத்தாங்க. இருபத்திரெண்டு வருசம்."

"நீ அவளைச் செத்துப்போயிட்டான்னு கவிதை எழுதிப் பரிசு வாங்குனப்ப அவ எங்க இருந்தா?"

"வீட்டுல. எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்துக்கிட்டு… ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

"பெட்டிய மூடச் சொன்னது யாரு?"

மைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எங்கம்மா. எங்கம்மா எம் மொகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. எங்கக்கா ஒரு தப்பும் பண்ணல. எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் எழுதுனேன்."

சொல்லி முடித்ததும் அழுதான். ரேடியோவில் தொண்டை அடைத்தது போன்ற அழுகை இல்லை. வாய் கோணி, மூக்கு ஒழுகி, சத்தமே வராத அழுகை. நாலு வயதில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனபோது என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அழுதானே, அந்த அழுகை. எனக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. எட்டு வருடமும் போயிற்று, சுத்தியலும் போயிற்று. என் தம்பி. அவன் தோளைத் தொடக் கையை நீட்டினேன்.

முன் வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு பின்னாலும் தட்டினார்கள். கைக்குட்டைக்காரிகள் எழுந்து நின்று தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினார். மண்டபம் முழுக்க எழுந்து நின்றது.

ரொனால்டு தலையை நிமிர்த்தினான். கன்னமெல்லாம் கண்ணீர். கூட்டத்தை ஒரு தடவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தான். மெல்ல இரண்டு கையையும் கூப்பினான். கைதட்டல் ஓயும் வரைக்கும் அப்படியே நின்றான். ஓய்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, மைக்குக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போய், நிறுத்தி நிதானமாக,

"அம்மா…

நீ மூடிக்கொண்ட முகத்தை…"

என்று ஆரம்பித்தான்.

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். பின்னால் ஜெய்தூன் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு, நில்லு அமலா, நில்லு அமலா என்று வந்துகொண்டிருந்தாள். மாடியில் அவன் இரண்டாவது வரிக்குப் போய்விட்டான். அம்மாவுக்குத் தன் பிள்ளையைத் தெரிந்திருக்கிறது. அவள் சொன்னது சரிதான்.